கடிவாளத்தைத் தன் வாயில் போட்டுப் பார்த்த எஸ்தர்

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது நான் மாவு மிஷினில் நின்றுகொண்டிருந்தேன். போனில் அவருடைய அண்ணன் மகன் டேவிட். "டீச்சர், அத்தை போயிட்டாங்க" என்றான். மிஷின் சத்தத்தில் எனக்குச் சரியாக உறைக்கவில்லை. "எங்க போனா?" என்று கத்தினேன். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எங்கேயாவது கிளம்பிப் போகிறவர்தானே அவர்! டேவிட் அழுதபோதுதான் புரிந்தது.

செங்கல்பட்டில் எங்கள் பெண்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் விளையாட்டு ஆசிரியை, நான் கணக்கு. மைதானத்தில் அவர் விசில் ஊதினால் மாடியில் என் வகுப்பே நிமிர்ந்து உட்காரும், நான் உட்பட. ஆனால் அவருடைய குதிரை விவகாரம் உங்களில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுதாகப் பார்த்தவள் நான்.

அது தொண்ணூறுகளின் பிற்பாதி. மாமல்லபுரம் கடற்கரையில் சவாரி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் பழுப்புக் குதிரையைக் கைகழுவப் பார்த்தார். அதன் பெயர் துரை. கடிவாள வாரைப் பிடித்து இழுத்தால் நிற்பதற்குப் பதிலாகத் தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒரு சுற்றுலாப் பயணியைச் சங்கு விற்கும் கடைக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிட்டதாம். "இத்தோட மாரடிக்க என்னால ஆவாது, நீயே இட்டுக்கினு போம்மா" என்று அவர் சொல்ல, கல்லூரி நாளில் ஏதோ முகாமில் சவாரி பழகியிருந்த எஸ்தர், துரையைக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

ஆசைக்கு மட்டும் வாங்கிய குதிரை இல்லை அது. டேவிட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் ஊர் செய்யூர் பக்கம். எஸ்தரின் அப்பா அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர். அந்த ஊரின் பெரிய தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாராம்.

"அதே தெருவுல டேவிட்டு துரை மேல உக்காந்துகினு வரப் போறான்" என்றார் எஸ்தர், டிபன் பாக்ஸைத் திறந்தபடி.

"குதிரை பிச்சுண்டு ஓடிடுத்துன்னா?" என்றேன்.

"அதான் பேஜாரு. மேளத்துக்கு மெரண்டு இவனக் கீழ தள்ளிச்சின்னா தெருவே சிரிக்கும். அவங்க சிரிக்கக் கூடாது, சாரதா."

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: முரட்டுக் கடிவாளம் போடு. சென்னையில் குதிரைச் சாமான் விற்கும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். துரையின் வாய் அகலத்தைக் கயிற்றில் அளந்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தார். கடைக்காரர் முறுக்குக் கம்பியால் செய்த ஒன்றை நீட்டினார். "இத்தப் போட்டா ஒரே இழுப்புல நின்னுரும்மா."

"ஒங்க வாய்ல போட்டா நீங்களுந்தான் நிப்பீங்க" என்றார் எஸ்தர்.

கடைசியில் நாலைந்து விதங்களைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தார். மறுநாள் ஆசிரியர் அறையில் அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி என் மேஜையில் பரப்பினார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றைத் தன் வாயில் குறுக்கே வைத்துக் கடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கட்டிய நாடாவை என் கையில் கொடுத்து, இழு என்று சைகை காட்டினார். இழுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கு முதுகில் அடி விழுந்தது. "நாக்குல கத்தி வெச்ச மாரி கீது. நானா இருந்தாலும் ஓடுவேன்!" அடுத்தது, தடிமனாக, நடுவில் மூட்டு வைத்தது. அதைக் கடித்துக்கொண்டு அவர் முன்னே நடக்க, நான் பின்னால் நாடாவைப் பிடித்துக்கொண்டு போன நேரத்தில் தலைமை ஆசிரியை உள்ளே வந்தார்.

எஸ்தர் மரியாதையாக "ஊட் ஆஆனிங்" என்றார்.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். "குதிரைக்கு, மேடம்" என்றேன். "மணி அடிச்சு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை, நாங்களும் பேசவில்லை.

தடிமனானதே நல்லது என்று முடிவானது. ஆனால் அதைப் போட்டாலும் துரை தலையைத் தூக்கியது. எஸ்தர் அதன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்ததில், கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் வேண்டாத சின்னப் பல் ஒன்று முளைத்திருப்பது தெரிந்தது. இரும்பு அதில் இடிக்கும்போதெல்லாம் துரை வலியில் ஓடியிருக்கிறது. கால்நடை மருத்துவர் அதைப் பிடுங்கினார். புண் ஆறும்வரை காத்திருந்து கடிவாளத்தை மாட்டிய எஸ்தர், வாய் ஓரத்தைக் காட்டி எனக்கும் பாடம் நடத்தினார். "ஓரத்துல லேசா ஒரு மடிப்பு உழணும். இளிக்கிற மாரி இருந்தா டைட்டு. தொங்கிச்சின்னா நாக்கத் தூக்கி மேல போட்டுக்கும்." வாரை இரண்டு விரலால் தொட்டார். துரை நின்றது. எஸ்தர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

கல்யாண ஊர்வலத்தில் துரை ஓடவில்லை. பிரச்சினை வேறாக இருந்தது: பெரிய தெருவின் பெரிய வீட்டு வாசலில் நின்றதுதான், நகரவில்லை. கேட்டுக்கு வெளியே நீட்டியிருந்த செம்பருத்திச் செடியை நிதானமாக மேய ஆரம்பித்துவிட்டது. மேளக்காரர்கள் தெரிந்ததையெல்லாம் வாசித்தார்கள். மேலே டேவிட்டுக்கு வேர்த்தது. வீட்டுக்காரர் வெளியே வந்தார். மேளம் தானாக நின்றது.

"இன்னாம்மா, மாப்ள இங்கயே குடித்தனம் பண்ணப் போறாரா?"

"அவசரம் ஒண்ணுமில்ல பெரியவரே. செடி முடிஞ்சா நவுந்துருவாரு" என்றார் எஸ்தர்.

தெரு சிரித்தது, டேவிட்டைப் பார்த்து அல்ல. வீட்டுக்காரரும் வேறு வழியின்றிச் சிரித்து, இன்னொரு கிளையை ஒடித்து நீட்டினார். துரை அதையும் தின்றுவிட்டுத்தான் நடந்தது. எஸ்தர் வாரைப் பிடித்துக்கொண்டு, தெருவின் கடைசிவரை நடுவிலேயே நடந்து போனார்.

அதன்பின் சில வருஷங்கள் கழித்து, நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் என்னைத் துரை மேல் ஏற்றியே தீருவது என்று நின்றார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முருகா முருகா என்று ஏறினேன். "வாரை விட்டுடாதே எஸ்தர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "புடிச்சிக்கினுதான் கீறேன், முன்னால பாரு" என்று பதில் வந்தது. பார்த்தேன். படகுகள், அலை, அதற்கப்பால் எல்லையே இல்லாத கடல். நான் அவ்வளவு உயரத்திலிருந்து எதையும் பார்த்ததில்லை. பயம் எப்போது போனது என்று தெரியவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தச் சில நிமிஷங்கள்தான். அன்று குதிரை மேலிருந்தபடியே அவரிடம் ஏதோ கேட்பதற்காகப் பக்கத்தில் குனிந்தேன். யாரும் இல்லை. வார் இரண்டும் என் கையில்தான் இருந்தன. திரும்பிப் பார்த்தால், எஸ்தர் வெகுதூரத்தில் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.