குடையைக் கெட்டியாகப் பிடித்திருந்தவர்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குறைந்தது முப்பது குடிகாரர்களை, ஒரு சொட்டும் தொடாதவர்களாக மோட்சத்துக்கு அனுப்பி வைத்தவன் நான். கோலார் தங்கவயலில், கோரமண்டல் பக்கத்து எங்கள் சபையில் யாராவது இறந்தால், அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். நாலு புத்தகம் படித்தவன் என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி இருப்பதால், அதை எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எழுதி எழுதி எனக்கென்று ஓர் அகராதியே உருவாகிவிட்டது. குடித்துவிட்டுத் தெருவில் பாடியபடி போனவர் 'எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகியவர்'. குடித்துவிட்டு வீட்டில் தட்டுகளை விட்டெறிந்தவர் 'கண்டிப்பான குடும்பத் தலைவர்'. சவப்பெட்டிக்குள் இருப்பவரே கேட்டிருந்தால்கூட, இது யாருடைய அடக்கம் என்று விசாரித்திருப்பார்.

அந்த அகராதி என் முகத்தில் வந்து அறைந்தது சென்ற வருடம், பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில்.

தினமும் அந்த ரயிலில் வேலைக்குப் போகும் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் பெட்டியில் யார் எங்கே உட்காருவது என்பதெல்லாம் அமைச்சரவையைவிடக் கறாராகப் பங்கிடப்பட்ட விஷயம். சாயங்காலம் திரும்பும்போது ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓடும். ஒரு போனுக்கு நாலு தலை. அதில் மூன்று பெண்களுக்கு அப்பாவாக வரும் நடிகர்தான் எங்கள் எல்லோருக்கும் உயிர். வெயிலோ மழையோ, வீட்டுக்குள்ளேகூட, கையில் குடையோடு நிற்பார். அவர் வாயைத் திறந்தால் பெட்டியே சிரிக்கும்.

அவருடைய சொந்த வாழ்க்கையில் அவ்வளவு சிரிப்பு இருக்கவில்லை. பல வருடக் குடி. மனைவி மகளோடு பிரிந்து போனார், வாய்ப்புகளும் போயின. பிறகு சிகிச்சை எடுத்துக்கொண்டு மீண்டு வந்தார். இதையெல்லாம் ஒரு நீண்ட பேட்டியில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அப்படி மீண்டு வந்து சில வருடங்கள் நன்றாக நடித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார்.

எங்கள் பெட்டி இழவு வீடாகிவிட்டது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, சொந்த அண்ணன் போனதுபோல் அழுதார். மறுநாளைக்கு மறுநாள் பெட்டியிலேயே அஞ்சலிக் கூட்டம் என்று அவர்தான் முடிவு செய்தார். என்னைப் பார்த்து, "ஊர்ல இருக்கற எல்லாரையும் நல்லபடியா அனுப்பி வெச்சிருக்கீங்க அண்ணே. நம்ம ஆளுக்கும் ஒண்ணு எழுதிடுங்க" என்றார்.

மூன்று பக்கம் எழுதினேன். அஞ்சலி நாளன்று காலை வண்டி பங்காருபேட்டையைத் தாண்டியதும், ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த படத்துக்கு முன் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். கலைத்தாயின் தவப்புதல்வர், அன்பின் ஊற்று, கட்டுப்பாட்டின் இலக்கணம். அக்கா மூக்கை உறிஞ்சினார். எனக்கே என்மேல் மரியாதை கூடியது.

"ணா, இது யாரு?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

தங்கவயலிலேயே பாலகாட் பகுதியிலிருந்து வரும் வெல்டர். நாற்பது வயது இருக்கும். பெங்களூரில் ஒரு பட்டறையில் வேலை. அதிகம் பேசாதவர். அவர் குரல் எப்படி இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

"இன்னா கேள்வி இது? படம் மாட்டி வெச்சிருக்கோமே, கண்ணு தெரியல?" என்றார் அக்கா.

"படத்துல இருக்கறவரு குடிச்சாரு, அக்கா. அண்ணன் படிச்ச காகிதத்துல இருக்கறவரு குடிக்கவே இல்லியே."

நான் என் சபைக் குரலை எடுத்தேன். "செத்தவங்களைப் பத்தி அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா. மரியாதை இல்ல."

"அவரே வெக்கப்படாம சொன்னாரு. நீங்க இன்னாத்துக்குணா வெக்கப்படறீங்க?"

அவர் எங்களைப் பார்க்காமல், அந்தப் படத்தைப் பார்த்தே பேசினார். குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறதாம். சாயங்காலம் பங்காருபேட்டையில் வண்டி நிற்குமே, அந்தச் சில நிமிடங்கள்தான் அவருக்கு நரகம். ஸ்டேஷனுக்கு வெளியே கடை. தினமும் வண்டி நின்றவுடன் போனை எடுத்து அந்தப் பேட்டியைப் போட்டுக் காதில் வைத்துக்கொள்வாராம். "அவரு பேசிகினே இருப்பாரு, வண்டி கெளம்பிடும். அவ்ளோதான். அன்னிக்குத் தப்பிச்சேன்."

"நேத்து?" என்று யாரோ கேட்டார்கள்.

"நேத்து போனை எடுக்க மனசு வரல. எறங்கிட்டேன். கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். அங்க என் மச்சான் நின்னுகினு இருந்தான். அவன் பார்த்தா என் பொண்டாட்டிக்குச் சொல்லிடுவான்னு ஓடி வந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "இன்னிக்கு மச்சான் இருப்பானோ இல்லியோ. அவரு குடிக்கவே இல்லன்னு நீங்க படிக்கறீங்க. அப்ப எனக்கு இன்னாண்ணா இருக்குது?"

முப்பது பேருக்கு எழுதியிருக்கிறேன். ஒருவர்கூட எழுந்து வந்து திருத்தம் கேட்டதில்லை. காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் காலியாக இருந்தது. "சொல்லுப்பா, பேட்டியில இன்னா சொன்னாரு?" என்றேன்.

அவருக்கு அது முழுவதும் மனப்பாடம். சிகிச்சை முடிந்து முதல் நாள் படப்பிடிப்புக்குப் போனபோது நடிகருக்குக் கை நடுங்கியதாம். வசனம் வந்தது, கை நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். யாரோ ஒரு குடையைக் கொடுத்தார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த குடை. அக்கா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

"குடியை விட்ட மொத வருஷம் பொண்ணுக்குப் போன் பண்ணாராம். எடுக்கல. ரெண்டாவது வருஷம் எடுத்துச்சாம்" என்றார் வெல்டர். எழுதிக்கொண்டேன். 'மதுப்பழக்கத்தால்' என்று ஆரம்பித்தபோது அவர் எட்டிப் பார்த்தார். "குடின்னே எழுதுங்கணா. படிச்சவங்களுக்கு மட்டுமா வருது அது?"

அன்று முழுவதும் ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்கால வண்டியில் அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. யாரும் எதுவும் பேசி வைக்கவில்லை. ஆனால் பங்காருபேட்டை நெருங்க நெருங்க, பெட்டியின் மறுகோடியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். வண்டி நின்றது. அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து புதிய குறிப்பை வாசிக்க ஆரம்பித்தேன். மூன்று மொழியில் அறிவிப்பு, டீ விற்பவர் குரல், பக்கத்து லைனில் ஓர் எக்ஸ்பிரஸின் அலறல். விடாமல் வாசித்தேன். குடைக்கு வந்தபோது வண்டி குலுங்கிக் கிளம்பியது. அக்கா உரக்க "ஆமென்" என்றார். கிருத்திகை தவறாமல் முருகனுக்கு விரதம் இருப்பவர் அவர்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் பங்காருபேட்டையில் அவரைத் தனியாக விட்டதில்லை. தினம் யாராவது ஒருவர் போண்டாவோடு போய் உட்கார்ந்து, மகள் கல்யாணம், மாமியார் முட்டிவலி என்று எதையாவது ஆரம்பித்துவிடுவோம். குடி போய் அவருக்குத் தொப்பை வந்துவிட்டது. அவர் குடியை விட்டு ஒன்றேகால் வருடம் ஆகிவிட்டது இப்போது. நானும் என் அகராதியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். இறந்தவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் எதோடு போராடினார் என்று கேட்கிறேன். சில வீடுகளில் கதவைக் காட்டுகிறார்கள். சில வீடுகளில், இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே என்பதுபோல் பேசத் தொடங்குகிறார்கள். ஒரு மனிதன் தட்டுத் தடுமாறி எழுந்த கதையை மறைத்துவிட்டால், அடுத்தவன் எதைப் பிடித்து எழுவான் என்று இப்போதெல்லாம் பேனாவைத் திறக்கும்போது தோன்றுகிறது.

போன மாதம், கொஞ்சம் பெருமையோடுதான், வெல்டரிடம் கேட்டேன். அன்று சாயங்காலம் நான் வாசித்ததில் எந்த வரி அவரை இறங்கவிடாமல் நிறுத்தியது என்று.

போண்டாவை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க படிச்சதாணா? அந்தச் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழல. சுத்தி இருவது பேர் நின்னீங்க, எந்திரிக்க வழி இல்ல. அவ்ளோதான்."