கண்ணாடியில் நேராக நின்றவன்

இதைப் படித்துவிட்டு நீங்கள் நம்பாமல் போகலாம். ஆனால் ஜலஜா கதை கட்டுகிறவள் இல்லை. அமெரிக்காவில், ஆஸ்டின் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எதையும் இரண்டு தடவை அளந்து பார்த்துத்தான் எழுதுவாள். ராகுகாலம் பார்க்கிற வழக்கம்கூடக் கிடையாது. அன்று நடந்ததையும் அப்படித்தான், மணி நிமிடத்தோடு சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் சிவராமகிருஷ்ணன் ஒரு இடத்தில்கூட மறுக்கவில்லை. பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார்.

1985 அக்டோபர் 19, சனிக்கிழமை. அப்போது ஆஸ்டினுக்குப் பக்கத்து ஊரான ரவுண்ட் ராக்கில் குடியிருந்தார்கள். ஜலஜாவுக்கு இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பதில் பைத்தியம். அதிலும் புயல் மழைக்கு நடுவே, கருமேகத்துக்குக் கீழே ஒரு கோடு மாதிரி வெயில் அடிக்குமே, அந்த வெளிச்சம். மூன்று வருஷமாகத் துரத்தியும் ஒரு படம்கூடச் சரியாக அமையவில்லை. இதற்கென்றே பழைய மரக் கேமரா ஒன்றை வாங்கியிருந்தாள். அந்தக் கால ஸ்டுடியோக்களில் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்களே, அந்த வகை. அதன் பின்பக்கக் கண்ணாடியில் காட்சி தலைகீழாகத்தான் விழும். வானம் கீழே, தரை மேலே. கொஞ்ச நாளில் கண் அதற்குப் பழகிவிடும்.

"ரேடியோல ஃபிளட் வார்னிங் குடுத்துண்டே இருக்கான். இன்னிக்கே போணுமா?" என்றார் சிவராமகிருஷ்ணன்.

"இந்த மேகம் நாளைக்கு இருக்காதுன்னா."

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல நிக்க மாட்டேன்."

12:40க்குக் கிளம்பினார்கள். மேற்கே, குன்றுகள் இருக்கிற பக்கம். போக நினைத்தது ஒரு பூங்காவுக்கு. 2:20க்குப் போய்ச் சேர்ந்தால், மழை காரணமாக வாசலில் சங்கிலி போட்டு மூடியிருந்தது. திரும்பி வரும்போது இடது பக்கம் ஒரு சின்ன ரோடு. பெயர்ப் பலகை இல்லை. அந்தத் திசையில் மேகம் கொஞ்சம் கிழிந்து வெளிச்சம் தெரிந்தது. ஜலஜா கையைக் காட்டினாள். அவர் வண்டியைத் திருப்பினார். அவ்வளவுதான். அந்த இடத்துக்கு அவர்கள் போனதற்கு வேறு காரணமே இல்லை.

2:45. ரோடு இறங்கி ஓர் ஓடையில் போய் முட்டியது. குறுக்கே பாலம் என்று ஒன்று. கைப்பிடிகூடக் கிடையாது. தரையோடு தரையாக வெறும் சிமென்ட் தளம். அதன்மேல் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் வரிசையாக சைப்ரஸ் மரங்கள். மரங்களுக்குப் பின்னால் வெயில் கோடு.

மூன்று வருஷமாகத் தேடிய படம் கண்ணெதிரே இருந்தது.

ஸ்டாண்டை ஊன்றினாள். கேமராவைப் பொருத்தினாள். சிவராமகிருஷ்ணன் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று அவளுக்கும் கேமராவுக்கும் குடை பிடித்தார். அவள் துணிக்குள் தலையை விட்டாள்.

ஒரு விஷயம் உடனே உறைத்தது. அத்தனை மரம் இருந்தும் ஒரு பறவைச் சத்தம் இல்லை. குடைமேல் மழை விழுகிற சத்தம் மட்டும். டப்... டப்... டப்.

கண்ணாடியில் மரங்கள் தலைகீழாகத் தொங்கின. இரண்டு மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ. சட்டை மாதிரி. கூர்ந்து பார்த்தாள். ஆள்தான்.

தலையை வெளியே எடுத்தாள்.

எதிர்க்கரையில் யாரும் இல்லை.

"ஏன்னா, அந்தப் பக்கம் யாராவது நின்னாளா?"

"ஒருத்தரும் இல்ல. சீக்கிரம் எடு."

2:58. மறுபடி துணிக்குள் போனாள். அவன் மரங்களுக்கு நடுவில் இல்லை. ஓடைக்கு வந்திருந்தான். பாலத்தின் அந்த முனையில்.

வெளியே பார்த்தாள். பாலம் காலி. தண்ணீர் மட்டும் கணுக்கால் அளவுக்கு ஏறியிருந்தது.

லென்ஸில் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்துத் துடைத்தாள்.  

3:03. மூன்றாவது முறை.

அவன் பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை. முழங்கைவரை மடித்த கை. இப்போது முகம் தெரிந்தது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகத் தெரிந்த ஒருத்தியை வெறுப்போடு பார்ப்பது போல.

ஏதோ ஒன்று சரியில்லை... என்னவென்று பிடிபடவில்லை. சில விநாடிகள் ஆயின.

அவன் முகபாவம் எப்படி இவ்வளவு சுலபமாகப் புரிகிறது?

நேராக இருந்தது. அதனால்தான்.

மரங்கள் தலைகீழ். ஓடை தலைகீழ். வானம் கீழே கிடக்கிறது. அவன் மட்டும் நேராக நிற்கிறான். தலை மேலே, பாலத்தைத் தொட்டுக்கொண்டு. கால் கீழே, வானத்துக்குள்.

கண்ணாடி எல்லாவற்றையும் புரட்டிக் காட்டும். புரட்டிய பிறகும் ஒருவன் நேராகத் தெரிகிறான் என்றால்...

அங்கே அவன் தலைகீழாக நிற்கிறான்.

 அவன் வாய் திறந்தது. மெல்ல அசைந்தது. யாரையோ கூப்பிடுவதுபோல. அவன் பார்வை இப்போது அவள்மேல் இல்லை. பக்கத்தில், குடை இருந்த இடத்துக்குப் போயிருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். அவள் முதுகில் மழை நேராக விழுந்துகொண்டிருந்தது.

துணியை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

குடை தரையில் கிடந்தது.

சிவராமகிருஷ்ணன் பாலத்தின்மேல் நடந்துகொண்டிருந்தார். முழங்கால்வரை தண்ணீர்.

"ஏன்னா!"

அவர் திரும்பவில்லை. எதிர்க்கரையைப் பார்த்து, "இதோ வரேன்" என்றார்.

ஓடினாள். தண்ணீர் காலை வாரியது. ஒரு செருப்பு போயிற்று. பாலத்தின் நடுவில் அவரைப் பிடித்துவிட்டாள். கோட்டுக் காலரைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. முன்பக்கத்திலிருந்தும் யாரோ இழுப்பதுபோல் அவ்வளவு கனம். ஓங்கி முதுகில் அறைந்தாள்.

அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். எதிர்க்கரையைப் பார்த்தார். மறுபடி அவள் முகத்தை.

"நீதானே கூப்ட்டே... 'ஏன்னா, இங்க வாங்கோ, ஆழமே இல்ல'ன்னு... அந்தக் கரைலேர்ந்து..."

"நான் இங்க இருக்கேன்."

"அப்ப அங்க நிக்கறது யாரு?"

ஜலஜா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஓடையின் மேல்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. ரயில் வருகிற மாதிரி... கட... கட... கட...

இழுத்தாள். இந்த முறை அவர் வந்தார்.

கரை ஏறினார்கள். விழுந்தார்கள். எழுந்து ஓடினார்கள்.

3:09. தண்ணீர் வந்தது.

ஆள் உயரச் சுவராக வந்தது. பாலம் காணாமல் போனது. ஸ்டாண்டோடு கேமராவும் போனது. ஒரு முழு மரம் வேரோடு புரண்டு போனது. அரை நிமிடம் தாமதித்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள்.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் அவர். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேட்டு ரோட்டுக்கு வந்தபோது எதிரே ஒரு போலீஸ் கார். அவர்கள் வண்டியின் நம்பரைப் பார்த்ததும் அது குறுக்கே வந்து நின்றது. 3:35.

இறங்கி வந்தவர் வயதான போலீஸ்காரர். ஜன்னல் வழியாக இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பின் சீட்டையும் எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் இரண்டு பேர்தானா?"

"ஆமாம்."

"உங்கள் பெயர் என்ன, மேடம்?"

ஜலஜா சொன்னாள். எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். புதியவர்களிடம் எப்போதும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பு நோட்டை எடுத்து நீட்டினார்.

அவள் பெயர் அதில் ஏற்கனவே இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். கீழே வண்டி நம்பர். அதற்குக் கீழே அந்த ஓடையின் பெயர். அதை ஜலஜா அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறாள்.

"ஸ்டேஷனுக்கு ஒரு போன் வந்தது" என்றார் அவர். "பேசியது ஒரு பெண். விளையாட்டுக்கு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தோம். பிறகு மனது கேட்காமல் உடல்களைத் தேடிக் கிளம்பினேன். வழியெல்லாம் வெள்ளம், அதுதான் தாமதம்."

"போன் எத்தனை மணிக்கு?"

"1:55."

1:55க்கு அவர்கள் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பூங்கா மூடியிருக்கும் என்றே தெரியாது.

"என்ன சொன்னாள்?"

அவர் நோட்டின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். போனில் கேட்டதை அப்படியே எழுதியிருந்தார். இரண்டே வரி.

'முதலில் அவர் இறங்கினார். அவரை இழுக்கப் போய் நானும் போய்விட்டேன்.'