மடிப்பண்ணனின் பாதி வசனம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அவருக்கு மடிப்பண்ணன் என்று பெயர். அவர் தேய்த்த விரிப்பின் மடிப்பில் விரலை வெட்டிக்கொள்ளலாம் என்போம். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, அதே கூடத்தில் விரிப்புகளை அடுக்குபவர்.

ரமலான் என்ற சொல்லுக்குள்ளேயே சுடும் வெப்பம் இருக்கிறது என்பார் அண்ணன். "வேதம் இறங்க ஆரம்பிச்ச மாசம். நோன்பு கடமையானது அதுக்கு ரொம்பப் பிந்தி. நம்மள மாதிரியே நபியும் ஊரை விட்டுப் போனாரே, அதுக்கு ரெண்டாவது வருஷம்." முப்பத்தொரு வருஷமாக ஒரு நோன்பையும் அவர் விட்டதில்லை.

இந்த வருஷம் சர்க்கரை நோய் முற்றி, நோன்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணியிடம் சரி சரி என்றார். அண்ணி கட்டித்தந்த மதியச் சாப்பாட்டை மட்டும் பக்கத்து மேசையில் தேய்க்கும், நோன்பு வைக்காத என் பக்கம் தினமும் தள்ளினார். "வாயைத் திறக்காம சாப்பிடு."

வாயைத் திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை. ஒவ்வொரு கவளத்தையும் பயத்தோடு விழுங்கினேன்.

ஐந்தாம் நாள் தேய்த்துக்கொண்டிருந்தவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. வெள்ளை விரிப்பில் பழுப்பாய் ஒரு முக்கோணம். அவர் கையால் அதுவரை ஒரு துணி கருகியதில்லை. நெற்றியெல்லாம் வியர்வை.

அண்ணி ஓடிவந்து விரிப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என் முன்னால் திறந்திருந்த, தான் கட்டித்தந்த டப்பாவைப் பார்த்தார். நான் டப்பாவை மூடினேன்.

"வேதத்துல நோன்பு வைன்னு சொன்ன அதே இடத்துலதான் நோயாளிக்கு வேண்டாம்னும் சொல்லியிருக்கு. பாதி வசனத்துலயே எந்திரிச்சு வந்துட்டீங்களா?"

"எல்லாரும் வைக்கிறப்ப நான் மட்டும்..."

"அல்லா தர்ற சலுகைய வாங்கிக்கக் கூடாத அளவுக்குப் பெரிய மனுஷனா நீங்க? விடுற ஒவ்வொரு நோன்புக்கும் இல்லாதவன் ஒருத்தனுக்கு ஒரு வேளைச் சோறு போடணும். அதுதான் உங்க பங்கு. நான் ஆக்குறேன், ஆளை நீங்க கூட்டிட்டு வாங்க."

தாழ்ந்துபோன சர்க்கரை ஏற, அண்ணி கலக்கிய சர்க்கரைத் தண்ணீரை அண்ணன் எல்லோர் முன்னாலும் குடித்தார். தலை நிமிரவில்லை.

சாயங்காலம், வேலை போய் அறையில் முடங்கிக் கிடந்த ஒரு பெயிண்டரை வீட்டுக்கு அழைத்து வந்தார். என்னையும் இழுத்துப் போயிருந்தார்.

"இவர்தான் இன்னைக்கு என் நோன்பு," என்றார் அண்ணியிடம், கொஞ்சம் வெட்கத்தோடு.

பெயிண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கை கழுவ எங்கே என்று கேட்டார்.