ஜெயராஜ் பெயரில் ஆடிய காளிமுத்து

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் என்றால் பெயர்தான் பெரிது. பந்துக்குக் காற்றடிப்பதிலிருந்து ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்குவது வரை எல்லாம் நம் தலையில்தான். கழுத்தில் விசில் மாட்டிய சகபாவிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களிடம் சொன்னால், திட்டிக்கொண்டாவது கேட்பீர்கள்.

வெறும் பீரோ

தொண்ணூறுகளின் தொடக்கம். திண்டுக்கல்லைத் தாண்டி வேடசந்தூர் போகிற வழியில் எங்கள் சின்னக் கல்லூரி. மைதானம் என்று பெயர் வைத்த இடத்தில் பாதி நாள் பக்கத்துத் தோட்டக்காரர் சோளம் காயப்போட்டிருப்பார். என் வேலையோ தற்காலிகம். முதல்வர் மனசு வைத்தால்தான் அடுத்த வருஷமும் விசில் ஊதலாம்.

முதல்வர் வேறொரு கல்லூரியில் கோப்பைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து, கண்ணாடிக் கதவு போட்ட பீரோ ஒன்றைத் தன் அறையில் இறக்கினார். மூன்று தட்டும் காலி. வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், அவர் என்னைப் பார்ப்பார். ஒருநாள் கூப்பிட்டே சொல்லிவிட்டார்: "பீரோ வாங்கிப் போட்டாச்சு சார். கப்பு உங்க பொறுப்பு."

ஏழாவது ஆள்

எப்படியோ கபடிக்கு ஏழு பேரைத் தேற்றினேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, எதிரணிப் பக்கம் பாடிப் போவதில் கெட்டிக்காரனான ஜெயராஜ் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் காளிமுத்து ஞாபகம் வந்தது. நூல் மில் தொழிலாளி. பொங்கல் விளையாட்டில் பார்த்திருக்கிறேன், பாடிப் போனால் ரெண்டு மூணு பேரைத் தொடாமல் திரும்பமாட்டான். பிளஸ் டூ பாஸ் செய்தும் வீட்டுக் கஷ்டத்தில் மில்லுக்குப் போனவன்.

மில் வாசலில் காத்திருந்து பிடித்தேன். ஜெயராஜ் பெயரில் ஆட வேண்டும் என்றதும் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே தயங்கினான். "ஜெயிச்சுக் குடு, விளையாட்டுக் கோட்டாவுல உன்னை எங்க காலேஜிலேயே சேத்துவிடுறேன்" என்று அள்ளிவிட்டேன். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னான்: "பேரு யாரு பேரா இருந்தா என்ன சார், காலு என் காலுதான?"

மைக்கில் வந்த பெயர்

போட்டி விண்ணப்பத்தில் ஜெயராஜின் பெயர், காளிமுத்துவின் போட்டோ. முதல்வர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டியில் காளிமுத்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அடேயப்பா! கோப்பை எங்களுக்குத்தான். சிறந்த ஆட்டக்காரர் ஜெயராஜ் என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

காளிமுத்து தன் பாட்டுக்கு உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்த நிஜ ஜெயராஜ், பெயரைக் கேட்டதும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டான். அவனை ஒரு கையால் அமுக்கி, காளிமுத்துவை மறு கையால் தள்ளிவிட்டேன். சான்றிதழ் கொடுத்த பெரியவர் மைக்கிலேயே கேட்டார்: "என்னப்பா, சொந்தப் பேரைக் கூப்பிட்டா எந்திரிக்க இம்புட்டு நேரமா?"

ஜூன் மாதம்

மார்க் ஷீட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு காளிமுத்து வந்து நின்றான். மில்லிலிருந்து நின்றுவிட்டதாகச் சொன்னான். சத்தியமாக, கொடுத்த வாக்கை நான் அதோடு மறந்தே போயிருந்தேன். முதல்வரிடம் கூட்டிப்போனேன். "கோட்டாவா? கபடி ஆடுன சர்டிபிகேட் எங்க?" என்றார். சுவரில் மாட்டிய குழுப் படத்தில் காளிமுத்து கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆனால் கீழே எழுதியிருந்த பெயர் ஜெயராஜ்.

வாயைத் திறந்தால் கோப்பை திரும்பப் போகும், என் வேலையும் போகும். "சர்டிபிகேட் இல்லை சார்" என்று சொன்னது காளிமுத்து இல்லை, நான். சீ, இப்போது எழுதும்போதும் கூசுகிறது. அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெளியே வந்ததும் எனக்கே ஆறுதல் சொன்னான்: "விடுங்க சார். கேட்டுப் பாத்தா மில்லுல திரும்பச் சேத்துக்குவாக. பஸ்ஸு போயிரும், வாரேன்."

ஸ்வீட் பாக்கெட்

சில வருஷம் கழித்து ஜெயராஜ் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தான். தன் பெயரில் இருந்த அந்தச் சான்றிதழைக் காட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைத்துவிட்டதாம். எல்லாம் என்னால்தான் என்று காலைத் தொட வந்தான். ஒரு துண்டை எடுத்தவன் பாக்கெட்டிலேயே திரும்ப வைத்தேன். "காளிமுத்துகிட்டச் சொன்னியாடா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "எந்தக் காளிமுத்து சார்?"

சான்றிதழ் மேசை

ரெண்டாயிரம் பிறந்து பல வருஷம். என் வேலை நிரந்தரமாகி, முடியும் நரைத்துவிட்டது. எங்கள் மைதானத்தில் பள்ளிப் பெண்களுக்குக் கபடிப் போட்டி. சான்றிதழில் பெயர் எழுதுவது நான். ஜெயித்த அணியில் ஒரு பெண், முழங்கையில் மண்ணோடு வந்து நின்றாள். பின்னால் அவள் அப்பா. தலைமுடியில் பஞ்சு. காளிமுத்து!

அவன் கும்பிட்டான். கோபம் துளியும் இல்லை, இருந்திருந்தால் எனக்குத் தேவலை. மகளை முன்னால் நகர்த்திவிட்டு, மெதுவாக, பணிவாகச் சொன்னான்: "இவ பேரு பாண்டிச்செல்வி சார். எழுதிட்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டிருங்க."

எங்கள் முதல்வர் அறைப் பீரோவில் இன்றைக்கும் அந்த ஒரே கோப்பைதான் நிற்கிறது. அதை மட்டும் ஆள் வைக்காமல் நானே துடைக்கிறேன்.