சொல்லாமல் கிளம்பிய காலைகள்

பச்சை ஏலக்காய், உலராத வியர்வை, ஈரச் சாக்கு மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை அம்மாவின் தோட்டத்துச் சட்டைக்கு உண்டு. அது அப்பா போட்டுக் கழித்த முழுக்கைச் சட்டை. தோளில் கிழிந்த இடத்தில் என் பழைய பூப்போட்ட பாவாடையிலிருந்து வெட்டிய துணியை வைத்து ஒட்டுப் போட்டிருப்பாள். எங்கள் பண்ணைப்புரத்துப் பெண்கள் சேலைக்கு மேல் அப்படியொரு ஆண்சட்டையை மாட்டி, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள். பொழுது சாயும்போது விரலெல்லாம் கறுத்த கறையோடு இறங்கி வருவார்கள். மற்றவர்களுக்கு அது வேலைச் சட்டையின் நாற்றம். மூன்று வயது முடியாத என் தம்பி பாண்டிக்கு அதுதான் அம்மா. அந்த வாசனை பக்கத்தில் இருக்கும்வரை தூங்குவான், விலகினால் விழித்துக்கொள்வான்.

விழித்தால் என்ன, பிள்ளைதானே என்று நீங்கள் நினைக்கலாம். அவன் விழிப்பு அப்படிப்பட்டதல்ல. கண்ணைத் திறந்த நொடியில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்வான். ஒரு கையைப் பிரித்தால் மறு கை பிடிக்கும், இரண்டையும் பிரித்தால் பல் பிடிக்கும். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜீப்பு நிற்கும், உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் "ஏத்தா, இன்னைக்கும் ஒன் மகன் பிடிச்சுக்கிட்டானா" என்று சலிப்பார்கள், ஓட்டுகிறவர் இன்ஜினை உறுமவிட்டுக் கோபத்தைக் காட்டுவார். அது காய் பறிப்பு மும்முரமாக இருந்த காலம். ஒருநாள் அம்மா ஓடிப்போவதற்குள் ஜீப்பு போயே விட்டது. மறுநாள் கங்காணி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ பிந்துனா வேற ஆளப் பாத்துக்கிறேன்த்தா. ஒருத்திக்காக எல்லாரும் காத்துக் கெடக்க முடியாது." அப்பாவுக்குத் தோள் பிசகி, சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றும் வேலை போயிருந்த வருடம் அது. ஒரு வாழைத்தோப்பில் இரவுக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வெளிச்சம் வந்த பிறகுதான் வீடு திரும்புவார். அம்மாவின் அந்த ஜீப்பு இடம் போனால் எங்கள் உலையும் நின்றுபோகும் என்பது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கே தெரியும்.

ஆகவே எங்கள் வீடு ஊமையாயிற்று. கடுகு வெடிக்கும் சத்தம் கூடாது என்று மறுநாள் சோற்றையும் குழம்பையும் முந்தின இரவே ஆக்கித் தூக்குவாளியில் வைத்து, மூடி உரசாமல் நடுவில் ஒரு துணியைக் கொடுத்து மூடிவிடுவாள். கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டாயிற்று. கண்ணாடி வளையல்களைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாயிற்று. மெட்டி தரையில் படாமல் இருக்க விரலைச் சுற்றி நூல் கட்டிக்கொண்டாள். ஜீப்பின் விளக்கு வெளிச்சம் சுவரில் ஓடினால் பாண்டி எழுகிறான் என்பதைக் கண்டுபிடித்து, அம்மா ஓட்டுகிறவரிடம் கெஞ்ச, அவரும் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், திருட்டு மணல் ஏற்ற வந்தவரைப் போல நிற்கலானார். வீட்டுக்குள் விளக்கே போடக் கூடாது. பேச்சு கூடாது, சைகைதான். இருட்டில் சைகை யாருக்குத் தெரியும் என்று ஒருநாள் கேட்டு, தொடையில் கிள்ளு வாங்கினேன்.

இவ்வளவுக்கும் அவன் அசரவில்லை. நாங்கள் ஒரு சத்தத்தை அடைத்தால் அவன் இன்னொன்றைக் கேட்டான். நேரத்தோடு எழுந்தான், பிறகு அதற்கும் முன்னால் எழுந்தான். தெருவே அவனுக்குச் "சாமக்கோழி" என்று பெயர் வைத்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்: படுக்கும்போது வயிறு முட்டச் சோறு கொடு என்றார்கள், பகலில் தூங்க விடாதே என்றார்கள், உள்ளங்காலில் எண்ணெய் தேய் என்றார்கள். சோறு கொடுத்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பகலில் தூங்கவிடாமல் வைத்தால் அந்திக்கே சுருண்டு விழுந்து இன்னும் சீக்கிரம் எழுந்தான். எனக்கு அவன்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் அவன் உதடு பிதுங்கி அம்மாவைத் தேடும் முகத்தைப் பார்த்தால் எனக்கும் சேர்ந்து அழுகை வரும்.

பக்கத்து வீட்டுக் காமாட்சி சின்னம்மாதான் சட்டை யோசனையைச் சொன்னாள். "நீ படுத்த எடத்துல ஒன் சட்டையப் போட்டு வையி. வாசத்த வச்சு ஏமாந்து தூங்கட்டும்." அம்மா வேலைக்குப் போட வேறொரு சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, பூப்போட்ட ஒட்டுள்ள சட்டையைத் துவைக்காமல் அவன் முகத்தருகே சுருட்டி வைத்தாள். அவன் அதை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கினான். மறுநாளும் தூங்கினான். அம்மா தெருமுனைக்குச் சாவகாசமாக நடந்துபோன அந்தக் காலைகளில் எங்களுக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஏமாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் வழக்கம்போல அம்மா கிளம்ப, தூக்குவாளியை நான் எடுத்துக்கொண்டு தொட்டிவரை போனேன். கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவதுதான் எங்கள் முறை. தாழ்ப்பாள் சத்தம் போடும். அம்மாவை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, விளக்குப் போடாமல், மூச்சை அடக்கி, தம்பியின் போர்வைக்கு ஒரு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டேன். தொட்டால் எழுந்துவிடுவான் என்பதால் தொடாமல் படுப்பதும் முறைதான். அப்பா காவல் முடிந்து வந்து, "ஏலே பாண்டி, இன்னைக்கும் ஒறக்கமாடா" என்று ஆசையாகப் போர்வையை விலக்கினார். உள்ளே தலையணைதான் இருந்தது. சட்டையும் இல்லை.

தேடத் தொடங்கினோம். முதலில் கட்டிலுக்கு அடியில், பிறகு கோழிக்கூட்டுப் பக்கம், பிறகு தெரு. பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடின. யாரோ கிணற்றுக்கு ஓடினார்கள். நடவுக்காக வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்த சமயம். தெருவின் மறுகோடியில் அது கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் அதில் இறங்கினார். ஒரு கையைத் தூக்க முடியாத மனிதர், மற்றொரு கையால் புதரையும் வேரையும் துழாவிக்கொண்டு, தண்ணீரோடு போக்கில் நடந்தார். "பிள்ள மேல சட்ட இருந்துச்சா? துணி எதுவும் மெதக்குதா பாருங்கப்பா" என்று கரையில் ஒருவர் சொன்னார். காமாட்சி சின்னம்மா தன் செல்போனில் அம்மா போன ஜீப்பின் ஓட்டுநரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மலை வளைவுகளில் நம்மூர்ச் செல் கோபுரமும் எட்டாது, கேரளக் கோபுரமும் எட்டாது. ஒரு பெண்குரல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று ஒருவர் சொல்ல, சின்னம்மா அவரைக் கடித்துக் குதறிவிட்டாள்.

மேலே என்ன நடந்தது என்பதை அம்மா சொல்லித்தான் பிறகு அறிந்தோம். பாண்டி நாங்கள் எழுவதற்கு முன்பே விழித்திருக்கிறான். அழுதால் பிரித்துவிடுவார்கள் என்று அத்தனை நாளில் அவனும் கற்றுக்கொண்டிருந்தான் போலும். கண்ணை மூடிக்கொண்டு கிடந்து, நாங்கள் வெளியே போனதும், அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறான். தொட்டியை நெருங்கியபோது நான் திரும்புவதைப் பார்த்து அதன் பின்னால் பதுங்கியிருக்கிறான். அம்மாவின் ஜீப்பு போன சற்று நேரத்தில் வேறொரு தோட்டத்துக்குப் போகும் அடுத்த ஜீப்பு அதே இடத்தில் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள், அவனும் ஏறினான். பிள்ளையை விட ஆளில்லாதவர்கள் எப்போதாவது தோட்டத்துக்குத் தூக்கிப்போவது உண்டுதான். தலையைக் கட்டிய பெண்கள் இருட்டில் மடிமேல் மடியாக உட்கார்ந்திருக்க, ஏறிய பிள்ளையை ஒருத்தி தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், பக்கத்தில் இருப்பவளின் பிள்ளை என்று. பக்கத்தில் இருந்தவள், அது தூக்கியவளின் பிள்ளை என்று இருந்துவிட்டாள். எல்லாச் சட்டையிலும் அதே ஏலக்காய் வாசனை. அவன் அங்கேயே தூங்கிவிட்டான்.

மெட்டின் உச்சியில், சோதனைச் சாவடி தாண்டி, எல்லா ஜீப்பும் டீக்கு நிற்கும். அம்மா கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, முன்பின் அறியாத ஒருத்தி தோளில் ஒரு பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தாள். பிள்ளையின் முகம் தெரியவில்லை. தொங்கிய சட்டையில் பூப்போட்ட ஒட்டுத்தான் தெரிந்தது. "அது ஏஞ் சட்ட" என்று முதலில் சொன்னாளாம். அதற்குப் பிறகுதான் கிளாஸ் விழுந்ததாம். தூக்கி வந்தவளோ, "அய்யய்யோ, இங்கன இருக்கவ பிள்ளைன்னுல்ல மடியில வச்சிருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு, அம்மாவை விடப் பெரிதாக அழுதிருக்கிறாள்.

சின்னம்மாவின் செல்லுக்குக் கேரள எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அவள் காதில் வைத்தாள், கேட்டாள், "இருக்கானாம்! மெட்டுல இருக்கானாம்!" என்று வாய்க்கால் பக்கமாகப் பார்த்து அலறினாள். அப்பா தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் இறங்கித் தூக்கிவந்து கரையில் வைத்தார்கள். என் அப்பா வாய்விட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா திரும்பி வரவில்லை. வந்தால் இடம் போகும். கங்காணி பார்த்தும் பாராதவர்போலப் போக, மரக்கிளையில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அவனை அதில் போட்டுவிட்டுக் காய் எடுத்திருக்கிறாள். அன்று பகல் முழுக்க அவன் தூங்கினானாம். சாயங்காலம் அவனோடு இறங்கி வந்தாள். விசாரிக்க வந்தவர்கள், "கதவுக்கு வெளிப்பூட்டு வாங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை நான் கண் கூசி விழித்தேன். அம்மா விளக்கைப் போட்டிருந்தாள். வளையல் கையில் இருந்தது. தோட்டத்துச் சட்டையோடு உட்கார்ந்து பாண்டியின் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள். காவலுக்குப் போகாமல் வீட்டிலிருந்த அப்பா, "கிறுக்கா ஒனக்கு? அவனே முழிக்கிறது பத்தாதுன்னு நீ வேற எழுப்புறியா?" என்று பதறினார்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு போயித்தான அவன் தேடி வந்தான். தண்ணிப் பக்கம் தேடிப் போயிருந்தா? இனி சொல்லிட்டுத்தான் போவேன்."

சொன்னாள். மலைக்குப் போகிறேன், காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய வருகிறேன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் போட்ட கூப்பாட்டில் தெருவே எழுந்துவிட்டது. அப்பாவின் நல்ல கையில் அவன் திமிற, நான் காலைப் பிடித்துக்கொள்ள, அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். ஜீப்பு நிற்குமா என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறவர் விளக்கைப் போட்டு, ஹாரனை ஒரு அழுத்து அழுத்தி, காத்திருந்தார். முந்தின நாள் கதை எல்லா ஜீப்புக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அப்படியே பல காலைகள் போயின; எப்போது என்று கவனிக்கவில்லை, அழுகை முனகலாகி, முனகல் "போய்ட்டு வா" ஆகி, கடைசியில் அதைக் கண் திறக்காமலே சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கப் பழகிவிட்டான்.

இன்று எங்கள் தெருமுனையில் அந்தத் தண்ணீர்த் தொட்டி இல்லை. ஜீப்பு ஊருக்குள் வருவதில்லை; முட்டி தேய்ந்த அம்மா மலையேறுவதும் இல்லை. அந்தச் சட்டை கரித்துணியாகி எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நான் பழனிசெட்டிபட்டியில் குடியிருக்கிறேன், அம்மா என்னோடு. என் மகள் பால்காரருக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள். சன்னலுக்குக் கறுப்புத் திரை போடு என்று தோழிகள் யோசனை சொல்கிறார்கள். மாமன் புத்தி என்கிறேன்.

மாமன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், விடுமுறை முடிந்து விடியற்காலைப் பேருந்துக்குக் கிளம்பினான். விளக்குப் போடவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து, கூடத்தில் படுத்திருந்த அம்மாவைச் சுற்றிக்கொண்டு, நுனிக்காலில் கதவுவரை வந்துவிட்டான். "அம்மாவ எழுப்பாதக்கா. முழிச்சா அழுதுக்கிட்டே இருக்கும்" என்று என் காதில் கிசுகிசுத்தான். நானும் தலையாட்டினேன்.

"ஏலே பாண்டி," என்றது இருட்டு. தூங்கிய குரலல்ல. "சொல்லிட்டுப் போடா."

அவன் கையிலிருந்த ஷூ தரையில் விழுந்தது. சத்தத்தில் என் மகள் விழித்து அழத் தொடங்கினாள். அம்மா எழுந்து விளக்கைப் போட்டாள்.