காணாமல் போன வெள்ளை அணுக்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் என் கணவர், முதுகுவலிக்கு மருந்துக்கடையில் தானாகவே மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் விழுங்கிவந்தார். ஒருநாள் குளிர்காய்ச்சலோடு வேலையிலிருந்து பாதியில் திரும்பினார்.

“எச்சிகூட முழுங்க முடியல பத்மா, தொண்டை நெருப்பா கீது” என்றார். வாயெல்லாம் புண். பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், “கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களே இல்லம்மா. இது அந்த முதுகுவலி மாத்திரையோட வேலை. எலும்பு மஜ்ஜை மறுபடி அணுக்களை உண்டாக்கணும். அதுவரைக்கும் சின்னக் கிருமிகூட ஆபத்து” என்றார்.

மாத்திரையை நிறுத்தி, தனியறையில் வைத்து ஊசி போட்டார்கள். கதவுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே இருமல் கேட்டால் எனக்கு உயிர் போய்வந்தது. ஒரு காலை, அணுக்கள் ஏறத் தொடங்கியதாக டாக்டர் சொன்னார். அன்றுதான் என் கணவர் கஞ்சி கேட்டார்.

இப்போது டாக்டரைக் கேட்காமல் எங்கள் வீட்டில் யாரும் மாத்திரை வாங்குவதில்லை. மாத்திரை சாப்பிடுகிற யாருக்காவது தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தால், நானே ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போகிறேன்.

– பத்மா, அம்பத்தூர்