கை பட்ட முடி

போன ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டுப் பெண் நித்யா தன் பூனையை ஒரு துண்டில் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டினாள். விலை கொடுத்து வாங்கிய வெள்ளைப் பாரசீகப் பூனை. தட்டை மூக்கு, எந்நேரமும் யாரோ திட்டிவிட்ட மாதிரி ஒரு முகம். காதுக்குப் பின்னால் முடி சிக்கேறி, கொட்டைப்பாக்கு அளவுக்கு உருண்டு கிடந்தது.

"ஆன்ட்டி, உங்க வீட்டுல முந்தி இதே மாதிரி பூனை இருந்துச்சாமே, அம்மா சொன்னாங்க. குளிப்பாட்டிவிட்டா இது சரியாயிருமா?" என்றாள்.

"குளிப்பாட்டிராத!" என்று நான் போட்ட சத்தத்தில் பூனையும் பெண்ணும் சேர்ந்து பயந்துவிட்டார்கள். பிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, சீப்பு எடுக்க உள்ளே போனேன். போனவள் அலமாரிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்ல வரவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் பூனையின் பெயர் சவுரி. கொடைக்கானலில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என் தாய்மாமா, அங்கே ஒரு பங்களாவில் பிறந்த குட்டியைப் பிளம்ஸ் கூடையில் வைத்து, வத்தலக்குண்டில் பஸ் மாறி, திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பிறகு வெகுநாள் அந்தக் குட்டியிடம் பிளம்ஸ் வாசனை அடித்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அதன் வாலைத் தூக்கிப் பார்த்த அம்மா, "ஆத்தி, நான் சடையில வச்சுப் பின்னுற சவுரி மாதிரியில்ல இருக்கு" என்றாள். அதுவே பெயராகிவிட்டது. மலைக்குளிருக்கு என்று போர்த்திவிட்ட அவ்வளவு முடியோடு, பாவம், எங்கள் ஊர் வெயிலில் வந்து மாட்டிக்கொண்டது. சித்திரை மாதம் முழுக்க மண்பானையை ஒட்டியே படுத்துக் கிடக்கும்.

அம்மா அங்கன்வாடியில் டீச்சர். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்ட கை, வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்காது. சாயங்காலம் டிவியில் சீரியல் பாட்டு கேட்டதும் சவுரி தானாக வந்து மடியில் ஏறும். அம்மாவிடம் அகலப் பல் வைத்த எவர்சில்வர் சீப்பு ஒன்று இருந்தது. ஆனால் முதலில் சீப்பைத் தொட மாட்டாள். விரலால் துழாவிப் பார்ப்பாள். காதுக்குப் பின்னால், கக்கத்தில், வயிற்றடியில், பின்னங்கால் இடுக்கில். சிக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பாள். தட்டுப்பட்டால், அடிமுடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பாள். இழுப்பு தோலுக்குப் போகாது. "வலிக்காம வாரிவிட்டா யாரும் ஓட மாட்டாக" என்பாள். என் தலைக்கு மட்டும் இந்தச் சட்டம் ஏனோ செல்லுபடியானதே இல்லை.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சவுரியை அவர் தொட்டதே கிடையாது. "தெனமும் சிங்காரிக்கிறியே, அதைய என்ன பொண்ணு பாக்கவா வாராக?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அம்மா போய்விட்டாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். மத்தியானம் இல்லை. அதைப் பற்றி அதற்கு மேல் எழுத இன்றைக்கும் எனக்குத் தெம்பில்லை.

எங்களில் துக்க வீட்டில் பதினாறு நாளும் யாரும் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, சீவிக்கொள்வதில்லை. அப்பா தாடியோடு திரிந்தார். நான் தலையை அள்ளி முடிந்துகொண்டதோடு சரி. சவுரி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சீரியல் நேரத்துக்கு மட்டும் வெளியே வந்து, அணைந்து கிடக்கும் டிவிக்கு முன்னால் உட்காரும். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் நான் சீப்பை எடுத்தேன். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"வீட்டுல ஒருத்தரும் தலை சீவல. அதுவும் அவ பிள்ளதான? பதினாறு கழியட்டும் பாப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷம் தொடாத மனிதர், பூனையையும் துக்கக்காரர்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டாரே என்று. சீப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் மாமா எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவந்து, முறைப்படி எங்கள் தலையில் எண்ணெய் வைத்தார். நான் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அப்பா மிச்ச எண்ணெயைக் கிண்ணத்தோடு வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்துகொண்டிருக்கிறார். "எல்லாரும் முழுகியாச்சு மாப்ள. அதைய மட்டும் தீட்டோட விடலாமா?" என்றார். "நியாயந்தான் மச்சான்" என்று மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

போர்வெல் தண்ணீர் உப்பு, முடி கெட்டுவிடும் என்று, குடிக்கப் பிடித்து வைத்திருந்த ஆத்தூர் அணைத் தண்ணீரை எடுத்தார்கள். அது என்றைக்கு வரும் என்று தெருவே காத்துக் கிடக்கிற தண்ணீர். மாமா பிடித்துக்கொள்ள, அப்பா உச்சி முதல் வால் வரை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினார். அவ்வளவு பாசமாக ஒரு தப்பு நடந்து நான் பார்த்ததில்லை. நானும் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

காய்ந்ததும் தெரிந்தது. பதினாறு நாள் சிக்கு, தேங்காய் நார் மிதியடி மாதிரி இறுகிப்போயிருந்தது. கக்கத்துச் சிக்கு தோலை இழுத்ததில் சவுரி முன்னங்காலை எட்டி வைக்க முடியாமல் நொண்டியது. அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து நான் தையல் கத்திரியை எடுத்து வெட்டினேன். படித்தவள் அல்லவா, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. சிக்கு என்று நினைத்து வெட்டியதில் தோலும் சேர்ந்துவிட்டது. பூனைத்தோல் மெல்லியது, சிக்கைப் பிடித்துத் தூக்கினால் கூடவே எழும்பி வரும் என்று எனக்குத் தெரியாது. அது கத்திய கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது.

அப்பா திரும்பி வந்ததும் கட்டைப்பையில் வைத்து, கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் திட்டவில்லை. "தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகிருங்கய்யா. முதல்ல சிக்கெடுக்கணும், அப்புறந்தான் குளிப்பாட்டணும். கத்திரி பக்கமே போகக் கூடாதும்மா. இம்புட்டு ஆனபிறகு சீப்பு ஏறாது. மெஷின் வச்சு ஒட்ட எடுத்துர்றேன், மறுபடி வளந்துரும்" என்றார்.

அப்பா பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்யா."

"அடியில புண்ணாயிருக்குமுங்கய்யா. விட்டா சீழ் வச்சுரும்."

"அவ கை பட்ட முடிய்யா அது." சுடுகாட்டில்கூட அழாதவர், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "இனிமே வளர்றது வேற முடி. அவ தொடாதது."

டாக்டருக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பைக்குள் கையை விட்டு, சவுரியைத் தலை முதல் வால் வரை தடவிப் பார்த்தார். பிறகு, "தலையிலயும் வாலுலயும் சிக்கில்ல. அதுல நான் கை வைக்கலைங்கய்யா" என்றார். அப்பா பையைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த சவுரி, தலை சிங்கமாகவும் நடுவில் உரித்த கோழியாகவும் இருந்தது. அம்மா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அதை நினைத்து நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

முடி ஒரு விரற்கடை வளர்ந்த பிறகு ஒரு சாயங்காலம், அப்பா தானாக டிவியைப் போட்டார். சீரியல் பாட்டு வந்தது. சவுரி வந்து, ஆளில்லாத இடத்தைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்தது. "வா ஆத்தா. செத்த நேரம் இரு, வலிக்காது" என்று மடியைத் தட்டினார். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல்கள் முதலில் காதுக்குப் பின்னால் துழாவின, பிறகு கக்கத்தில். அம்மா செய்ததையெல்லாம் அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து ஒருநாள்கூட விட்டதில்லை. சின்னச் சிக்கு கண்டால், டாக்டர் சொன்னபடி சோள மாவு தூவி விரலாலேயே பிரித்துவிடுவார். தலையிலும் வாலிலும் இருந்த பழைய முடி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துதான் போயிருக்கும். அவருக்கும் தெரியும்.

சவுரி வயதாகி, தூக்கத்திலேயே போயிற்று. சாகும்போது அதன் உடம்பில் ஒரு சிக்குக் கிடையாது. அப்பா சீப்பைக் கழுவாமல் அலமாரியில் வைத்தார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். அந்தத் தெரு வீட்டை விட்டு நான் இந்த மாடிக் குடியிருப்புக்கு வந்ததும் அதற்குப் பிறகுதான். சீப்பு கூடவே வந்தது. பல்லிடுக்கில் வெள்ளை முடி நாலைந்து. நானும் அதைக் கழுவவில்லை.

அதைத்தான் எடுத்துக்கொண்டுபோய் நித்யாவிடம் கொடுத்தேன். "ஐயே, பழைய முடி" என்று அவள் விரலால் உருவி, வாயால் ஊதினாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அடிமுடியை எப்படிப் பிடிக்க வேண்டும், நுனியிலிருந்து எப்படி வர வேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடுத்தேன். நல்ல கை அவளுக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்டது.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, தரையில் குனிந்து தேடினேன். கூடம் முழுக்க வெள்ளை முடி. அதில் அப்பா வாரியது எது என்று எனக்குத் தெரியவில்லை.